முளைக்கும் உளுந்துக்குள் புரதம் போகும் வழி: ஆறு நாள் பார்த்தது

இந்த முறை உளுந்து விதையிலையில் புரதம் கரைந்து காலியாவதைக் கடைசிவரை பார்த்துவிட்டேன். இதற்கு முன் இரண்டு தடவை பாதியில் நின்ற வேலை. அதனால் எப்படிச் செய்தேன் என்பதையும் சேர்த்தே எழுதி வைக்கிறேன்.

ஏன் உளுந்து? அதில் ஏறக்குறைய கால் பங்கு புரதம். நாம் மாவரைக்கிற பருப்பு கிட்டத்தட்ட முழுக்க விதையிலைதான். அதன் செல்களுக்குள் சின்னச் சின்ன வாக்குவோல்களில் (சவ்வால் மூடிய பைகள்) புரதம் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது, முளைக்கும்போது அதை உடைத்துக் குருத்துக்கு அனுப்பியாக வேண்டும். உடைக்கிற நொதி காய்ந்த விதையில் தயாராக இருப்பதில்லை. விதை முளைவிட்ட பிறகுதான் எண்டோபிளாச வலையில் (செல்லுக்குள் புரதம் உருவாகிற சவ்வு வலை) புதிதாக உருவாகி, அங்கிருந்து வாக்குவோலுக்குள் போய்ச் சேர வேண்டும்.

பள்ளியில் படித்த வழி என்னவென்றால் வலையிலிருந்து கோல்கை (புரதங்களைப் பிரித்து அனுப்புகிற சவ்வு அடுக்கு), கோல்கையிலிருந்து வாக்குவோல். உளுந்தின் இந்த நொதி அப்படிப் போவதில்லை! டொயோக்கா, ஒகமோட்டோ, மினமிகாவா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் 2000இல் இதே உளுந்து விதையிலையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து வெளியிட்டது இது: நொதி வலையிலேயே திரண்டு, அங்கிருந்தே நுண்பைகளாகப் பிதுங்கி, கோல்கையைத் தொடாமல் நேராக வாக்குவோலுக்குள் போய்க் கலக்கிறது. என்னை உண்மையில் பிடித்துக்கொண்டது அந்த நொதியின் வால். லைசின், அஸ்பார்டிக் அமிலம், குளூட்டமிக் அமிலம், லியூசின் என்று நான்கு அமினோ அமிலங்கள், ஒற்றை எழுத்தில் சொன்னால் கே-டி-இ-எல். பொதுவாக இந்த வால் இருக்கிற புரதம் வலையை விட்டுக் கோல்கைக்குப் போய்விட்டால் செல் அதைப் பிடித்துத் திரும்ப வலைக்கே கொண்டுவந்துவிடும். அதாவது ‘இங்கேயே இரு’ என்கிற முத்திரை. அந்த முத்திரையோடு இருக்கிற நொதி கடைசியில் வாக்குவோலில் போய் நிற்கிறது. வால் அதை வலையில் நிறுத்தி வைப்பதால்தான் அங்கே அவ்வளவு சேர்கிறது, சேர்ந்தது மொத்தமாகப் புறப்படுகிறது என்று நான் புரிந்துகொண்டேன். போய்ச் சேர்ந்த பிறகு தேவையில்லாத பகுதிகள் வெட்டுப்பட்டு, வாலும் போய், 43 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) முன்வடிவம் 33 ஆகக் குறைந்து வேலையைத் தொடங்குகிறது.

என்னிடம் இருப்பது மாணவர்கள் பயன்படுத்தும் சாதாரண நுண்ணோக்கி. அந்த நுண்பைகள் இதில் தெரியவே தெரியாது. ஆனால் நொதி வந்து சேர்ந்துவிட்டதற்கான தடம், அதாவது புரதம் காலியாவது, தெரிய வேண்டும். அதைத்தான் தேடினேன்.

கடையில் தோலோடு இருக்கிற முழு கறுப்பு உளுந்து வாங்கினேன் (உடைத்தது முளைக்காது). எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஈரப் பஞ்சில் பரப்பி, மூடி இருட்டில் வைத்தேன். தினமும் காலையில் இரண்டு விதை எடுத்து வெட்டுவது. முதல் இரண்டு தடவையும் கெட்டது இந்த வெட்டுவதில்தான். விதையிலை கையில் நிற்காது என்று உருளைக்கிழங்குத் துண்டின் நடுவே செருகி ஷேவிங் பிளேடால் சீவினேன், அயோடின் விட்டுப் பார்த்தால் பெரிய பெரிய முட்டை வடிவ மணிகள் கருநீலமாக எல்லா இடத்திலும் கிடந்தன, உளுந்தில் இப்படி இருக்காதே என்று ஒரு மாலை முழுக்கக் குழம்பினேன். அது உருளைக்கிழங்கின் மாவு (ஸ்டார்ச்). கேரட்டுக்கு மாறினதும் சுத்தமாக வந்தது. பிளேடையும் சீவலையும் தண்ணீரில் நனைத்துக்கொண்டே, ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். பத்தில் ஒன்று நன்றாக வந்தாலே போதும்.

அயோடினை மிகவும் நீர்த்துப் போட வேண்டும், இல்லையென்றால் மாவு கறுத்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். இளம் பழுப்பு நிறத் தண்ணீர் அளவுக்கு நீர்த்தால் மாவுமணி ஊதாவாகவும், இடையிடையே இருக்கிற புரத மணிகள் (புரதம் அடைத்த அந்தச் சின்ன வாக்குவோல்கள்தான்) மஞ்சள் கலந்த பழுப்பாகவும் பிரிந்து தெரியும். வேறு சீவலில் இயோசின் என்ற சாயம் ஒரு சொட்டு விட்டேன், புரத மணிகள் நல்ல இளஞ்சிவப்பு.

ஊறவைத்த அன்று செல்லுக்குள் இடமே இல்லை. அவரை விதை வடிவ மாவுமணிகள், அவற்றின் சந்துகளில் கடுகு கொட்டின மாதிரி புரத மணிகள். இரண்டாம் நாளும் பெரிய மாற்றம் இல்லை, வேர் மட்டும் விரல் நுனி அளவு நீண்டிருந்தது. மூன்றாம் நாள் காலையில்தான் முதல் வித்தியாசம். விதையிலையில் நரம்புக் கற்றைகள் ஓடுகின்றன, அவற்றுக்கு நடுவே, இரண்டு பக்கமும் தள்ளி இருக்கிற செல்களில் மணிகள் உப்பி, விளிம்பு மங்கி, ஒன்றோடொன்று சேர ஆரம்பித்திருந்தன. நரம்பை ஒட்டிய செல்களோ முதல் நாள் பார்த்தது மாதிரியே நிரம்பி இருந்தன. சீவல் தடிமனால் வந்த தோற்றமோ என்று இன்னொரு விதையில் பார்த்தேன், அதிலும் அதே. பாசிப்பயறில் இதே ஒழுங்கை 1975இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், கரைவது நரம்புக்குத் தொலைவில் தொடங்கி நரம்பை நோக்கி நகர்கிறது என்று. படித்ததைக் கண்ணால் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம், வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

நான்காம் நாள் நடு செல்களில் மணிகள் போய் ஒரே பெரிய தெளிந்த வாக்குவோல். ஐந்தாம் நாள் அந்த எல்லை நரம்புக்கு மூன்று நான்கு செல் தூரம்வரை வந்துவிட்டது. ஆறாம் நாள் நரம்பை ஒட்டி ஒரு மெல்லிய இளஞ்சிவப்பு வரி மட்டும் மிச்சம், மாவுமணிகளும் அரிக்கத் தொடங்கியிருந்தன. விதையிலையைத் தொட்டால் தோல் சுருங்கித் தொளதொளவென்று இருந்தது.

நடுவில் வேலம்பாசி என்ற நீர்ச்செடியின் இலையையும் பார்த்தேன், அது சும்மா ஆசைக்கு. செல்லின் ஓரமாகப் பசுங்கணிகங்கள் வரிசையாக ஓடுவது அதில் தெரியும், கடிகாரம் வைத்துப் பார்த்ததில் நொடிக்கு 5 மைக்ரான் போல வந்தது. விலங்கு செல்லில் கோல்கை பெரும்பாலும் உட்கருவின் பக்கத்தில் கூடி இருக்கும், செடியில் தனித்தனி அடுக்குகளாகச் செல் முழுக்கச் சிதறி, ஆக்டின் என்ற புரத இழைகளைப் பிடித்துக்கொண்டு ஓடித்திரியும். 1998இல் புகையிலை இனச் செடியின் இலையில் பச்சை ஒளிர் புரதத்தை ஒட்டிப் பார்த்துக் காட்டியது அது. பசுங்கணிகம் ஓடுவதைப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத அந்த அடுக்குகளும் கூடவே போகின்றன என்று நினைத்துக்கொண்டுதான் பார்ப்பேன்.

அடுத்தது எதிர்த்திசை, வாக்குவோலை நிரப்புகிற வேலை. பூசணி விதை முற்றும்போது சேமிப்புப் புரதத்தின் முன்வடிவமும் வலையிலிருந்து பெரிய நுண்பைகளில் நேரடியாக வாக்குவோலுக்குப் போகிறது என்று ஹாரா-நிஷிமுரா ஆய்வுக் குழு 1998இல் காட்டியிருக்கிறது. என்னிடம் பூசணிக்கு இடமில்லை, தொட்டியில் நான்கு உளுந்துச் செடி நிற்கிறது. நேற்று மூன்று பூ விட்டிருந்தன. தேதி எழுதி நூல் கட்டிவிட்டேன், காய் பிடித்ததும் நான்கு நாளைக்கு ஒரு பச்சை விதை எடுத்து இதே கேரட்டு, இதே இயோசினோடு பார்க்கப் போகிறேன்.