ஆணியைப் படித்தேன், ஆளைப் படிக்கவில்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எலும்பு அறுவைப் பிரிவில் ரெஜிஸ்ட்ராராக (பயிற்சி மருத்துவராக) இரண்டு வருடம் ஓடியபிறகு வாய்மொழித் தேர்வுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை இரவு என்றால் மினிபஸ் டாக்சி விபத்து, துப்பாக்கிக் குண்டு. தொடையெலும்பு முறிவுக்குப் பஞ்சமே இல்லாத ஊர். முறிந்த எலும்பின் நடுக்குழிக்குள் உலோக ஆணி போடுவதைப் பார்த்துப் பார்த்து, நானே பலமுறை போட்டும் இருந்தேன். அந்தத் தைரியம்தான் கவிழ்த்தது.

கேள்வி இது: 26 வயது இளைஞர், வெள்ளி இரவு விபத்து, சனிக்கிழமை தொடையெலும்பில் ஆணி. ஞாயிறு மாலை மூச்சு வாங்குகிறது, உளறுகிறார். ஏன்?

நான் ஆணியின் விட்டத்தில் தொடங்கி, பூட்டும் திருகுகளில் போய் நின்றேன். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆணியைப் பற்றி நிறையச் சொன்னீர்கள் டாக்டர். ஆளைப் பற்றி?” அவ்வளவுதான், தோல்வி.

அடுத்த முறைக்குப் புத்தக வரிசையை விட்டுவிட்டேன். கோயிலில் கொடுத்த பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன்: அடிபட்ட நேரம், அறுவை, முதல் மூன்று நாள், ஆறு வாரம், அப்புறம் மாதங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வி: இந்த நேரத்தில் இந்த உடம்பு என்ன செய்துகொண்டிருக்கிறது? ஆயா எட்டிப் பார்த்து, “யாரோட ஜாதகம்பா இது?” என்றார். தப்பாகச் சொல்லவில்லை.

நீங்களும் இந்தத் தேர்வுக்குப் போகிறீர்கள் என்றால், அடிபட்ட கட்டத்தில் கத்பர்ட்சன் என்ற ஆய்வாளரை எழுதுங்கள். 1930களில் கிளாஸ்கோவில் கால் எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரில் நைட்ரஜன் அதிகமாக வெளியேறுவதைக் கண்டவர். முறிந்தது ஓர் எலும்பு, கரைவது உடம்பு முழுவதிலுமுள்ள தசை. 1942இல் அவர் சொன்ன, முதலில் உடம்பு அடங்கிப்போகும் தணிவு, பிறகு வேகமெடுக்கும் எழுச்சி என்ற இரண்டு நிலைகளும் இன்றும் தேர்வில் வருகின்றன.

அறுவைக் கட்டத்தில்தான் அதிக நேரம் செலவழியுங்கள். மஜ்ஜைக் குழியை அகலமாக்க ரீமரை (குடையும் கருவியை) செலுத்தும்போது உள்ளே அழுத்தம் எகிறுகிறது. ரீமரை வெளியே எடுக்கும்போது கவனித்திருப்பீர்கள்: ரத்தத்தின்மேல் கறிக்குழம்பில் மிதப்பதுபோல எண்ணெய்த் துளிகள். அதே கொழுப்புதான் சிரை ரத்தக் குழாய் வழியே ஏறி நுரையீரலுக்குப் போகிறது. அதனால்தான் கூர்மையான ரீமர், மெதுவாகச் செலுத்தல். இதைச் சாதாரணமாக உடம்பு தாங்கிக்கொள்ளும். ஆனால் விபத்து ஏற்கெனவே வெள்ளணுக்களை உசுப்பிவிட்டிருக்கும். அறுவை அதன்மேல் விழும் இரண்டாவது அடி. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 என்ற புரதம் விபத்தில் ஒருமுறை ஏறியது, இப்போது மறுபடி ஏறும். ஆகவே ரத்தத்தில் லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ஏறுவது) 4-க்குக் கீழே வந்ததா, அமிலநிலையைக் காட்டும் பிஎச் 7.25-ஐத் தொட்டதா என்று பார்க்காமல் ஆணியைக் கேட்காதீர்கள். உடம்பு சில்லிட்டு, ரத்தம் உறையாமல், நுரையீரலும் நசுங்கியிருந்தால் எலும்பை வெளியிலிருந்து பிடிக்கும் வெளிச்சட்டம் போட்டுக் காத்திருப்பதே புத்திசாலித்தனம்.

இப்போது என்னைக் கவிழ்த்த ஞாயிறு மாலை. அடிபட்டு 24 முதல் 72 மணி நேரத்துக்குள் மூச்சுத் திணறல், குழப்பம், சின்னச் சிவப்புப் புள்ளிகள் மூன்றும் சேர்ந்தால் கொழுப்புத் துகள் அடைப்பு நோய் மனதில் வர வேண்டும். புத்தகப் படங்களில் புள்ளிகள் வெள்ளைத் தோலில் பளிச்சென்று இருக்கும். எங்கள் வார்டில் பெரும்பாலோர் கறுத்த தோல்காரர்கள். கீழ் இமையைத் தாழ்த்தி உள்பக்கம் பாருங்கள், கையைத் தூக்கி அக்குளைப் பாருங்கள். புள்ளிகள் சீக்கிரம் மறைந்துவிடும். நாளை ரவுண்ட்ஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் போச்சு. புள்ளி இல்லை என்பதற்காக நோயே இல்லை என்றும் சொல்லிவிடாதீர்கள். தனி மருந்து கிடையாது. ஆக்சிஜன், தேவையானால் வென்டிலேட்டர்.

ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி பற்றி ஒரு வார்த்தை. இரண்டாம், மூன்றாம் நாள் அது உச்சத்தில் இருப்பது கல்லீரல் இன்டர்லூகினுக்குச் சொல்லும் பதில். அந்த ஒரு எண்ணை வைத்து ஆன்டிபயாட்டிக் எழுதினால் தேர்வாளர் விடமாட்டார். இறங்காமலே நின்றாலோ, இறங்கி மறுபடி ஏறினாலோதான் கவலை.

ரத்த ஓட்டக் கேள்வியும் வரும். எலும்புச் சுவரின் உட்பக்க மூன்றில் இரண்டு பங்கு மஜ்ஜைப் பக்கத்து ரத்தத்தை நம்பியிருக்கிறது. ரீமர் அதை அழிக்கிறது. பின் எப்படிக் கூடுகிறது? எலும்பை மூடிய வெளிச்சவ்வின் ரத்த ஓட்டம் பெருகி, வெளியிலிருந்து உள்ளே பாய ஆரம்பிக்கிறது. குடைந்த எலும்புத்தூள் முறிவிடத்தில் தங்கி ஒட்டுப்போல் உதவுகிறது. 1200-க்கும் மேற்பட்ட முழங்கால்கீழ் முறிவுகளைப் பார்த்த 2008ஆம் ஆண்டு ஸ்பிரின்ட் ஆய்வில், தோல் கிழியாத முறிவுகளில் குடைந்து போட்டதே மேலாக இருந்தது. திறந்த முறிவில் வித்தியாசம் தெரியவில்லை. இந்த “ஆனால்” இல்லாமல் சொன்னால் பாதி மதிப்பெண்.

கேலஸ் (முறிவைச் சுற்றி வளரும் புது எலும்பு), மறுவடிவமைப்பு எல்லாம் உங்களுக்கே தெரியும். ஆணி கொஞ்சம் அசைய விடுவதால்தான் கேலஸ் வருகிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இரண்டாம் முறை கேட்டது சிஆர்பி. ஒரு மூதாட்டி, நான்காம் நாள். ஜாதகத்தைக் கண்ணை மூடிப் படித்துச் சொன்னேன்.