மதுரையில் இறக்கிவிட்டால் வாகைகுளம் எவ்வளவு தூரம்?

சென்னையிலிருந்து தூத்துக்குடி கிளம்பிய விமானம், தூத்துக்குடி ஏர்போர்ட் இருக்கும் வாகைகுளத்துக்கு மேல் மழை மேகத்தில் வட்டமடித்துப் பார்த்துவிட்டு, முடியாமல் மதுரையில் போய் இறங்கியது. அதில் எனக்குக் கோபமே இல்லை, பைலட் செய்ததுதான் சரி. தரையில் நடந்ததுதான் கடுப்பு.

"பஸ் சொல்லியாச்சு சார், பக்கம்தான், நூத்தி இருபது கிலோமீட்டர்" என்றார் கவுண்டரில் இருந்த தம்பி. அது இரண்டு ஏர்போர்ட்டுக்கும் நேர்கோடு போட்டால் வரும் கணக்கு. ரோட்டில் பெருங்குடி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் என்று போய், தூத்துக்குடி பைபாஸில் நெல்லை ரோட்டுக்குத் திரும்பி வாகைகுளம் சேர 140 கிலோமீட்டருக்குக் குறையாது. நாலுவழிச் சாலைதான், ஆனாலும் டீக்குக்கூட நிறுத்தாமல் போனால் இரண்டேகால், இரண்டரை மணி நேரம். அன்றைய மழையில் மூன்றைத் தாண்டியது.

பஸ் வந்தபாடில்லை. கேட்டால் "ரிங் ரோட்டுல வந்துக்கிட்டு இருக்கு" என்று ஒரே பதில். மாட்டுத்தாவணியிலிருந்து தூத்துக்குடி பஸ் இருக்கிறது, அது எனக்கும் தெரியும், ஆனால் என் கார் வாகைகுளம் பார்க்கிங்கில் நிற்கிறது, நான் ஏர்போர்ட்டுக்கே போயாக வேண்டும். கடைசியில் பக்கத்து சீட்டில் வந்த அண்ணாச்சி ஒருவரும் கைக்குழந்தையோடு வந்த தம்பதியும் நானும் சேர்ந்து டாக்ஸி பிடித்தோம்.

இங்கேதான் கவனம் வேண்டும். டிரைவரிடம் வெறுமனே "தூத்துக்குடி" என்று சொல்லி ரேட் பேசாதீர்கள். ஊர் வந்ததும் "பஸ் ஸ்டாண்டுக்குத்தானே பேசினோம், ஏர்போர்ட் இன்னும் 15 கிலோமீட்டருக்கு மேல இருக்கே" என்பார்கள். அண்ணாச்சி விவரமானவர், ஏறும் முன்பே "வாகைகுளம் டெர்மினல் வாசல், ரிட்டர்ன், டோல், பேட்டா எல்லாம் உள்பட எவ்வளவு?" என்று கேட்டு, தொகையை டிரைவர் போனிலிருந்தே வாட்ஸப்பில் போடச் சொல்லிவிட்டார். எலியார்பத்தி டோலில் டிரைவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார், அண்ணாச்சி போனைக் காட்டினார், பேச்சு முடிந்தது. (பைபாஸில் "புதுக்கோட்டை" என்று போர்டு பார்த்து அந்தத் தம்பதி பதறிவிட்டார்கள். அது தூத்துக்குடிப் புதுக்கோட்டை, வழி சரிதான்.)

இன்னொன்று, மதுரையை விட்டுக் கிளம்பும் முன் "விமானம் திருப்பிவிடப்பட்டது, பயணியை வாகைகுளம் சேர்க்க வண்டி தரவில்லை" என்று சீலோடு எழுதி வாங்குங்கள். அந்தத் தம்பி "மெயில் வரும் சார்" என்று சொல்லிப் பார்த்தார். கொடுத்தால்தான் நகர்வேன் என்று அங்கேயே நின்றேன், போர்டிங் பாஸின் பின்பக்கத்திலேயே எழுதி சீல் குத்திக் கொடுத்தார். வானிலை காரணமென்றால் நஷ்ட ஈடு கேட்க முடியாது, ஆனால் டாக்ஸி பில்லைக் கேட்கலாம். அந்தச் சீலை வைத்துத்தான் என் பங்கில் பாதி வந்திருக்கிறது, மீதிக்கு மெயில் போட்டுக்கொண்டே இருக்கிறேன்.