பினாயில் டப்பா

2012-இல் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன், கல்லீரல் ஓ.பி.யில் டூட்டி. கல்லீரலைத் தாக்குகிற வைரஸ் நோயான ஹெபடைடிஸ் சி என்றால் அப்போது இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும்தான். இதே ஊசியை மெலனோமா என்கிற தோல் புற்றுநோய்க்கும் சில ரத்தப் புற்றுநோய்களுக்கும் அப்போது போட்டுவந்தார்கள், அளவுதான் வேறு. வைரஸ் வந்தால் நம் உடம்பே சுரக்கிற புரதம்தான் இது, 1957-இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மானும் கண்டுபிடித்தார்கள் என்று டாக்டர் சொல்வார். உடம்பில் ஏற்கெனவே இருக்கிறதுதானே, என்ன செய்துவிடப் போகிறது என்று நானும் நினைத்தவள்தான்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு அண்ணாச்சி வந்தார். பலசரக்குக் கடைக்காரர், ஐம்பது வயது இருக்கும். வாரத்துக்கு மூன்று ஊசி, ஒரு ஊசி 30 லட்சம் யூனிட், அதுவும் மாதக்கணக்கில். ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறி பாளையங்கோட்டைக்கு வந்து போனால் கடையை யார் பார்ப்பது? அதனால் வீட்டிலேயே போட்டுக்கொள்ளட்டும் என்று முடிவாகி, மதினிக்கு நான்தான் பழக்கிவிட்டேன்.

மருந்து தூளாக இருக்கும், கூடவே தனியாகத் தண்ணீர். தண்ணீரைத் தூளின் மேல் பீய்ச்சாமல் குப்பியின் ஓரமாக வழிய விட வேண்டும், அப்புறம் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். மதினி முதல் தடவை டானிக் பாட்டிலைக் குலுக்குவதுபோல் குலுக்கிவிட்டார்கள், மேலே நுரை கட்டிவிட்டது. நல்லவேளை, அது பழகுவதற்கு நான் கொடுத்த காலாவதிக் குப்பி. கலங்கியிருந்தாலோ துகள் மிதந்தாலோ போடவே கூடாது. இன்றைக்கு வலது தொடை என்றால் அடுத்த தடவை இடது தொடை, அதற்கடுத்து வயிறு, தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டுவிட்டு. ராத்திரி படுக்கப்போகும்போது போட்டால் அதன்பிறகு வருகிற குளிர்காய்ச்சலும் உடம்புவலியும் தூக்கத்தோடு போய்விடும். பாரசிட்டமால் போடலாம், ஆனால் கல்லீரல்காரர் என்பதால் டாக்டர் எழுதிய அளவுக்கு மேல் ஒன்றுகூடக் கூடாது. போட்ட ஊசியைக் குப்பையில் போடாதீர்கள், கெட்டியான பினாயில் டப்பாவில் போட்டு மூடி வைத்து நிறைந்ததும் இங்கே கொண்டு வாருங்கள் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள்.

மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். அந்த வருஷம் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம்கூடக் கரண்ட் இருக்காது, நம்ம மாவட்டத்திலேயே கூடங்குளம் தயாராகிக்கொண்டிருக்க நாங்கள் பனைவிசிறியோடு உட்கார்ந்திருந்த காலம் அது. ஃப்ரிட்ஜ் கதவை அடிக்கடி திறக்காதீர்கள், கரண்ட் போனால் ஐஸ்பேக் போட்ட டப்பாவில் வையுங்கள், ஐஸ் மருந்தில் நேராகப் படாமல் துணி சுற்றுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பத்து நாள் கழித்து அண்ணாச்சியிடமிருந்து போன். "எம்மா, கரண்டு போனா சூடாயிரும்லா, அதான் எல்லாத்தையும் மேல ஐஸ் பெட்டியில வச்சேன். கலக்கி வச்ச குப்பி கட்டியா நிக்கி. வெயில்ல வச்சா உருகிருமா?"

உருகும், ஆனால் உறைந்த மருந்து கெட்ட மருந்துதான். அதைத் தூக்கிப்போடச் சொல்ல எனக்கே வயிறு எரிந்தது, அந்த ஒரு குப்பியின் விலை அப்படி.

மச்சினன் மலிவாகக் கிடைத்ததென்று வேறு ஒரு கம்பெனி மருந்து வாங்கிவந்ததும் உண்டு. அட்டையில் யூனிட்டுக்குப் பதிலாக மைக்ரோகிராம் போட்டிருக்கிறதே என்று மதினிக்குத்தான் சந்தேகம் தட்டியது. அது வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் போடுகிற பெக் வகை. மூன்று தடவை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

மாதாமாதம் வருவார். வெள்ளை அணுக்கள், தட்டணுக்கள், ஹீமோகுளோபின், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தைராய்டு எல்லாம் பார்த்துக் கட்டம் கட்டமாக நிரப்புவேன். மூன்றாம் மாதம் மதினி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவரு ஒண்ணும் பேசமாட்டேங்காரும்மா, கடைக்கும் போவமாட்டேங்காரு, சும்மா மோட்டப் பாத்துட்டு இருக்காரு" என்றார்கள். காய்ச்சல் அடித்துக் கிடக்கிறவர் அப்படித்தான் இருப்பார், ஊசி முடிந்தால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். நான்தான் சொன்னேன், வேறு யாருமில்லை. மருந்தோடு வருகிற தாளில் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் முதல் எச்சரிக்கையாகவே அச்சடித்திருக்கும். எனக்கு அது தெரியும். ஆனால் என் கட்டங்களில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

அடுத்த மாதம் ரத்தம் எடுக்கக் கையைப் பிடித்தபோது சட்டென்று கேட்டேன், ஏன் கேட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை: "அண்ணாச்சி, மனசு எப்படி இருக்கு?" ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஆத்துக்குக் குளிக்கப் போறதில்லம்மா. போனா திரும்பி வரமாட்டேன்னு பயமா இருக்கு" என்றார். தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்த மனிதர்.

சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். அன்றைக்கே ஊசியை நிறுத்தினார். மனநல மருத்துவரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன், வழியெல்லாம் மதினியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தெளிவதற்குப் பல வாரம் ஆனது. வைரஸ் போகவில்லை.

2016-இல் திரும்ப வந்தார். அதற்குள் நம் நாட்டிலேயே சோஃபோஸ்புவிர் மாத்திரை கிடைக்க ஆரம்பித்துவிட்டது, 12 வாரம் மாத்திரை மட்டும், ஊசியே கிடையாது. முடித்து மூன்று மாதம் கழித்துப் பார்த்த டெஸ்டில் வைரஸ் இல்லை. ரிசல்ட் வாங்க வந்த அன்று ஒரு கட்டு அப்பளமும் துணிப்பையில் சுற்றிய ஒரு பழைய பினாயில் டப்பாவும் கொண்டுவந்தார். அசைத்தால் கலகலவென்று சத்தம்.

"நீங்கதானம்மா குப்பையில போடக்கூடாதுன்னு சொன்னீங்க."