அவர் போட்டோவை யாரோ திருடிட்டாங்க!

என் தோழி ஒருத்திக்குக் கணக்குத் தணிக்கைதான் தொழில். அடுத்தவர் கணக்கில் ஒரு எண் இடித்தாலும் மூக்கில் வியர்த்துவிடும். அவள்தான் ஒன்பது மாதமாக, இணையத்தில் பழகிக் காதலித்த, நேரில் பார்த்தே இராத ஒருவனுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தாள். நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்றில் இன்ஜினியராம், மனைவியை இழந்தவனாம். நான் அவன் என்பேன், அவள் அவர் என்பாள்.

அவன் அனுப்பியிருந்த போட்டோவை இணையத்தில் போட்டுத் தேடினேன். அதே முகம் மூன்று பெயர்களில் வந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால், ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அய்யோ பாவம், அவர் போட்டோவை யாரோ திருடிட்டாங்க, அவர்கிட்ட சொல்லணும்" என்கிறாள்!

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "இவ்வளவு படிச்சும்" என்று தொண்டைவரை வந்ததை விழுங்கிவிட்டேன், அன்று நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த மோசடியைப் பல வருடங்களாக ஆராயும் மோனிகா விட்டி 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஏமாந்தவர்கள் பெரும்பாலும் நடுத்தர வயதுள்ள, நன்றாகப் படித்த பெண்களாகவே இருந்தார்கள். சட்டென்று உணர்ச்சிவேகத்தில் இறங்கிவிடும் சுபாவமும் அவர்களிடம் கூடுதலாகத் தென்பட்டது.

சரி, அப்படியானால் எதில் விழுகிறார்கள்? ஜோசப் வால்தர் என்ற தகவல்தொடர்பு ஆய்வாளர் 1996இலேயே ஒன்று சொன்னார்: எழுத்தில் மட்டும் பழகும்போது சில சமயம் நேரில் பழகுவதைவிட நெருக்கம் அதிகமாகிவிடுகிறது. எதிராளியின் குரல் தெரியாது, முகம் சுளிப்பது தெரியாது, அந்த இடத்தையெல்லாம் நமக்குப் பிடித்த மாதிரி நாமே நிரப்பிக்கொள்கிறோம். அந்த இன்ஜினியரில் பாதிதான் அவன் எழுதியது, மீதிப் பாதி இவளே செதுக்கியது. தன் கையால் செதுக்கியதை உடை என்று நான் ஸ்கிரீன்ஷாட்டோடு போய் நின்றால் எப்படி உடைப்பாள்?

பணமும் எடுத்த எடுப்பில் பெரிதாகப் போகவில்லை. முதலில் கேட்டது சின்னத் தொகை, அதைத் திருப்பியும் கொடுத்தான். அப்புறம் விபத்து, ஆஸ்பத்திரி, சுங்கத்தில் மாட்டிய பார்சல். ஒருமுறை இவள் தயங்கியபோது இரண்டு நாள் பேச்சுமூச்சே இல்லை, மூன்றாம் நாள் விடிவதற்குள் நாற்பது மெசேஜ், அந்த இரண்டு நாளில் இவள் பட்ட பாட்டுக்குப் பிறகு எவ்வளவு கேட்டாலும் கொடுத்திருப்பாள். ஒவ்வொரு தடவை அனுப்பிய பிறகும் சந்தேகப்படுவது இன்னும் கஷ்டமாகிறது, ஏனென்றால் இன்றைக்குச் சந்தேகப்பட்டால் நேற்று வரை அனுப்பியதெல்லாம் போச்சு என்று தனக்குத் தானே ஒப்புக்கொள்ள வேண்டும், அதைவிட இன்னொரு தடவை அனுப்பிவிடுவது மனசுக்குச் சுலபம். மனம் முரண்பாட்டைத் தாங்காமல் காரணம் கற்பித்துக்கொள்ளும் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957இல் எழுதியதை, திருட்டுப்போன போட்டோ கதையில் நான் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

அமெரிக்காவில் 2022இல் மட்டும் கிட்டத்தட்ட 70,000 பேர் இப்படி ஏமாந்ததாகப் புகார் கொடுத்தார்கள், போன பணம் 130 கோடி டாலர். வெட்கப்பட்டு வாயே திறக்காதவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

கடைசியில் அவளை நம்பவைத்தது என் புத்திசாலித்தனம் இல்லை. கையில் பணம் தீர்ந்தது, அவன் பேச்சும் நின்றது, அவ்வளவுதான். போலீசில் புகார் கொடுத்தோம். பணம் போனதற்கு ஆறுதல் சொல்ல எல்லோரும் வந்தார்கள் (கூடவே அறிவுரையும் இலவசம்). ஆனால் அவன் போனதற்கு? பிறக்கவே இல்லாத ஒருவனுக்கு யார் வந்து துக்கம் விசாரிப்பார்கள்? காலை ஆறு மணிக்கு அவன் மெசேஜ் வரும் நேரத்துக்கு அவளுக்கு இன்னமும் முழிப்பு வந்துவிடுகிறதாம்.

போன வாரம் அவளே போனை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பழைய மெசேஜையெல்லாம் முதலிலிருந்து தள்ளிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். "இங்க பாரு, பகல்ல வர்றதுல ஒவ்வொரு வரி முடிவுலயும் புள்ளி இருக்கு. ராத்திரி வர்றதுல ஒண்ணுலகூட இல்ல." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னும் மேலே தள்ளினாள். "குறைஞ்சது ரெண்டு பேர்."