பிரபுவின் வாளை வாங்கி வைத்தவர்கள்

எடோ கால ஜப்பானில் சாமுராயின் சம்பளம் அரிசிக் கணக்குதான். அதை அளக்கும் அலகு கொக்கு; ஒரு கொக்கு என்பது சுமார் 180 லிட்டர். ஒருவர் ஓராண்டு சாப்பிடப் போதும். படியளக்கும் பிரபுவே கொடுமைக்காரராகிவிட்டால் என்ன செய்வது? வேலையை உதறிவிட்டு இன்னொரு பிரபுவிடம் சேர்வது லேசில் நடக்காது. கூட்டம் சேர்ந்து எதிர்க்கவும் முடியாது. கட்சி கட்டுவதையும் கூடிச் சத்தியம் செய்வதையும் நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் அரசு 1635 சட்டத்திலேயே தடுத்திருந்தது.

இந்த நெருக்கடிக்குள் அவர்கள் கண்ட வழிதான் ஓஷிகோமே. உள்ளே தள்ளி அடைப்பது என்று பொருள்.

எடுத்த எடுப்பில் அதில் இறங்கமாட்டார்கள். முதலில் நேரில் இடித்துரைப்பார்கள், திரும்பத் திரும்ப. பலிக்கவில்லை என்றால், காரோ எனப்படும் மூத்த அதிகாரிகள் கூடிப் பேசி ஒருமனப்பட வேண்டும். கடினமான இடம் இதுதான். ஒருவர் பிரபுவின் காதில் போட்டுவிட்டால் மற்றவர்கள் தலை தப்பாது. குறித்த நாளில் எல்லோரும் வரிசையாகப் பிரபுவின் முன் வருவார்கள். "தங்கள் நடத்தை சரியில்லை. சிறிது காலம் அடங்கியிருக்க வேண்டும்." இவ்வளவுதான் பேச்சு. சொன்ன கையோடு பெரிய வாள், சிறிய வாள் இரண்டையும் வாங்கிவிட்டு, மரச்சட்டம் அடித்த அறைக்குள் கொண்டுபோய் வைப்பார்கள். வாளை விட்டுவைத்தால் ரத்தம் சிந்தும்; பிரபு செத்தால் அது எஜமானக் கொலை, மீட்சியே கிடையாது.

மனம் திருந்தினால், ஒழுங்காக நடப்பேன், அடைத்தவர்களைப் பழிவாங்கமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு மீண்டும் பதவியில் அமர்த்துவார்கள். திருந்தாவிட்டால் ஓய்வு கொடுத்து வாரிசுக்குப் பட்டம். வெளியே சொல்லும் காரணம் உடல்நலக் குறைவு. சச்சரவு ஷோகுனின் தலைநகரான எடோவுக்கு எட்டினால் சமஸ்தானமே பறிபோகலாம். 1701-ல் அக்கோ பிரபு அசானோ எடோ கோட்டைக்குள் வாளை உருவியதற்கான தண்டனை அவர் உயிரோடு முடியவில்லை; அவரை நம்பியிருந்த நூற்றுக்கணக்கான சாமுராய் குடும்பங்கள் வீடு வாசல் இழந்தன. காரோக்கள் காப்பாற்ற நினைத்தது பிரபுவை அல்ல, அவருடைய வீட்டை, அதாவது வம்சத்தை. அந்த வீடுதான் எல்லோருக்கும் சோறு. இந்த வேறுபாட்டை அவர்கள் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார்கள் என்பதே என்னை மிகவும் கவர்கிறது.

ஆனால் ஒகசாகி சமஸ்தானத்தை நினைத்தால் மனம் கனக்கிறது. அங்கே மிசுனோ தடதொகி என்ற இளம் பிரபு, பரம்பரைப் பெருமையைப் பார்க்காமல் கீழ்நிலைச் சாமுராய்களில் திறமைசாலிகளை மேலே கொண்டுவந்தார். மூத்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. 1749 புத்தாண்டு மரியாதைக்கு அவர்கள் வரவில்லை. மற்றவர்களும் பின்தொடர, பிரபு தனித்துப்போனார். வேறு வழியின்றிப் பணிந்தார். பிறகு மனம் உடைந்து கேளிக்கையில் விழுந்தார். அதையே காரணம் காட்டி, அதே வாக்கியத்தைச் சொல்லி அவரை அடைத்தார்கள். 1752-ல் இறந்துபோனார். அவர் தூக்கிவிட்ட ஆட்கள் அதற்கு வெகு முன்பே பதவி இழந்திருந்தார்கள்.