வள்ளத்துச் சிலாகையும் ரவுட்டர் மேசையும்

முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய்க் கரைகளில் இன்று நிற்பவை பெரும்பாலும் பைபர் படகுகள். ஆனாலும் நந்திக்கடல் மாதிரி ஆழமில்லாத களப்புக்கு, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகிற சின்ன வள்ளம் வேண்டுமென்றால், மெல்லிய சிலாகைகளை (நீளமான மரக்கீற்றுகளை) ஒட்டிக் கட்டுவது நல்ல வழி. வன்னியில் பேர்பெற்ற முதிரையும் பாலையும் இதற்குச் சரிவராது. பாரம் ஒரு பக்கம், அலகின் கூர் மழுங்குவது மறுபக்கம். மலைவேம்பு போல இலேசான, முடிச்சுக் குறைந்த மரம் பாருங்கள்.

சிலாகை 6 மி.மீ. தடிப்பு, 19 மி.மீ. அகலம். 3 மி.மீ. அகலத்துக்கு வெட்டும் வாளால் ஈர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு மரம் தூளாகப் போகும். மரக்காலையில் வாங்கும்போதே அதைக் கணக்கில் வையுங்கள். ஈர்ந்த பிறகு தடிப்பு எங்கும் ஒன்றாக வரும்படி சீவ வேண்டும். இதில் சோம்பல்பட்டால் ரவுட்டரில், அதாவது சுழலும் அலகால் மரத்தின் விளிம்பை வடிவாக வெட்டும் மின் கருவியில், எதுவும் பொருந்தாது.

ஒரு விளிம்பைக் குவிவாகவும் மறு விளிம்பைக் குழிவாகவும் வெட்டினால், வளைவான உடலில் சிலாகைகள் இடைவெளியில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று அமரும். இரண்டு வெட்டுக்குமான ரவுட்டர் அலகுகளின் ஆரை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. குவிவைத்தான் முதலில் வெட்ட வேண்டும். குழிவின் உதடுகள் கடதாசி போல மெல்லியவை. அதை முதலில் வெட்டினால், அடுத்த ஓட்டத்தில் அழுத்தும் பலகையே அவற்றை நசித்துவிடும். குழிவை முழு ஆழத்துக்கு இறக்காமல் உதட்டில் அரை மி.மீ. அளவு தட்டையாக விட்டால் பிய்வதும் குறையும். அலகின் உயரம் தடிப்பின் நடுவில் நிற்கிறதா என்று இரண்டு துண்டுகளை வெட்டிச் சேர்த்து நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தடக்கினால் உயரம் பிழை.

ஊட்டும் திசையில்தான் ஆபத்து இருக்கிறது. மேசைக்கு அடியில் பூட்டிய ரவுட்டரின் அலகு, மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். வேலி, அதாவது சிலாகையை ஒட்டி நகர்த்தும் நேர்ப்பலகை, அலகுக்குப் பின்னால்; ஆள் முன்னால்; சிலாகை வலமிருந்து இடம் போக வேண்டும். மாறி ஊட்டினால் அலகே மரத்தைப் பிடுங்கி அம்பு மாதிரி எறியும். வேலிக்கும் அலகுக்கும் நடுவால் விட்டாலும் இதே கதைதான். எப்படியானாலும் சிலாகையின் நேர்கோட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது.

விரல்கள் அலகுக்குக் கிட்டவே போகாதபடி சீப்புப் பலகைகள் பூட்டுங்கள்: நுனியை 30 பாகை சரித்து வெட்டி, சீப்புப் பல்லாக ஈர்ந்த பலகை. ஒன்று மேலிருந்து, ஒன்று பக்கத்திலிருந்து அழுத்த வேண்டும். பற்கள் முன்னே போக விடும், பின்னே வர விடாது. ஐந்து மீற்றர்ச் சிலாகை தொங்கினால் அலகிடத்தில் எழும்பி வெட்டு அலையும்; இரு பக்கமும் மேசை உயரத்துக்கு வாங்கு போடுங்கள். ஒன்றின் வாலை அடுத்ததன் தலையால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். நடுவில் நின்றால் மரம் கருகும். கடைசியை அதே தடிப்பான கழிவுத் துண்டால் தள்ளலாம்.

கையுறை வேண்டாம், சாரத்தை மடித்துக் கட்டுங்கள், கண்ணாடியும் முகமூடியும் வேண்டும். வேலைக்கு நடுவில் கரண்ட் போனால் முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். மறந்துவிட்டு மரத்தை எடுக்கக் கை வைத்த நேரம் பார்த்துத்தான் கரண்ட் திரும்பி வரும்.