பழைய பவர்ஷாட்டில் சிஎச்டிகே ஓடுகிறது

அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த கேனான் பவர்ஷாட் ஏ590-இல் ஒருவழியாக சிஎச்டிகே ஏறிவிட்டது. கேனான் கேமராக்களுக்குக் கூடுதல் வசதிகள் தர ஆர்வலர்கள் எழுதிய இலவச மென்பொருள் அது. 2008-இல் வந்த 8 மெகாபிக்சல் கேமரா. வாங்கியபோது ஜேபெக் மட்டும்தான் தந்தது. இப்போது ரா (சென்சார் பதிந்த மூலத் தரவு) தருகிறது, ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) காட்டுகிறது, நாம் எழுதும் சிறு நிரல்களான ஸ்கிரிப்டுகளையும் ஓட்டுகிறது.

முதலில் கேமராவின் ஃபர்ம்வேர் (உள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) பதிப்பு தெரிய வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு நினைவக முகவரிகள் மாறும். வேறொரு பதிப்புக்கு எழுதிய சிஎச்டிகேயைப் போட்டால் கேமரா அப்படியே நின்றுவிடும். கார்டில் 'வெர்.ரெக்' என்ற பெயரில் வெற்றுக் கோப்பு ஒன்றைப் போட்டு, ப்ளேபேக்கில் ஆன் செய்து, செட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி டிஸ்ப்ளே பட்டனைத் தட்டினேன். 1.01பி என்று வந்தது.

அடுத்து கார்டு. ஃபேட்16 என்ற கோப்பு முறையில் ஃபார்மேட் செய்த 2 ஜிபி கார்டைக் கணினியில் செருகி, பைட்டுகளை நேரடியாகத் திருத்தும் ஹெக்ஸ் எடிட்டரில் பூட் செக்டாரை (கோப்பு முறையின் முதல் பகுதி) திறந்தேன். 64-ஆம் பைட்டிலிருந்து 'பூட்டிஸ்க்' என்று எட்டு ஆங்கில எழுத்துகள், அவ்வளவுதான். கார்டின் ஓரத்து லாக்கைப் பூட்டும் பக்கம் தள்ளிவிட்டு ஆன் செய்தால், கேமரா அந்த எழுத்துகளைத் தேடுகிறது. இருந்தால் கார்டிலுள்ள பூட் கோப்பை நினைவகத்தில் ஏற்றி ஓட்டிவிடுகிறது. எழுதியவர் யார் என்று கேட்பதே இல்லை! கோப்பின் பைட்டுகளைக் கேமரா எதிர்பார்க்கும் முறையில் கொஞ்சம் கலைத்து வைக்க வேண்டும் என்பது மட்டுமே தடை. அந்த முறையை ஆர்வலர்கள் எப்போதோ அவிழ்த்துவிட்டார்கள். இன்னொரு வேடிக்கை, லாக் போட்ட கார்டிலேயே படங்களும் பதிவாகின்றன. அந்த லாக் வெறும் அடையாளம். மதிப்பதும் மதிக்காததும் மென்பொருளின் விருப்பம். லாக்கை எடுத்துவிட்டால் பழைய கேமராதான். உள்ளே எதுவும் மாறுவதில்லை.

இந்தக் கேமராவுக்கு வைஃபை இல்லை, அதனால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளலாம். வைஃபை உள்ளவற்றில் கதை வேறு. 2019-இல் செக் பாயின்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் எயால் இட்கின், கேனான் 80டி கேமராவின் பிடிபி நெறிமுறையில் (படங்களைக் கணினிக்கு மாற்றும் முறை) இருந்த ஓட்டைகள் வழியாக வைஃபையிலேயே நுழைந்து, கார்டிலிருந்த படங்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரை ஓட்டிக் காட்டினார். கேனான் பிறகு அதை அடைத்தது.

சரி, பலன் என்ன? ரா கோப்பு ஒவ்வொன்றும் 10 எம்பியைத் தொடுகிறது. சேமிக்கும்வரை அடுத்த படத்துக்குக் காத்திருக்க வேண்டும். எனக்கு அதைவிட மின்னல் ஸ்கிரிப்ட்தான் பிடித்திருக்கிறது. திரையைக் கட்டங்களாகப் பிரித்து, எதிலாவது வெளிச்சம் சட்டென்று மாறினால் ஷட்டரை விடுகிறது. மொட்டை மாடியில் வைத்துப் பார்த்ததில் இரண்டு நல்ல மின்னல்கள் விழுந்தன; மீதியெல்லாம் காற்றில் ஆடிய தென்னை மட்டைகள். கீழ் வரிசைக் கட்டங்களைக் கணக்கில் எடுக்காதபடி ஸ்கிரிப்டைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.